நிலம் வளர்ந்த கதை

நிலம் வளருமா? பயிர் வளரும், பிள்ளை வளரும், வம்பு வளரும். நிலம் எங்கேயாவது வளருமா? ஆனால் வெல்டிங்காரர் வீட்டைச் சுற்றிக் கிடந்த நிலம் வளர்ந்தது. கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை, காகிதத்தில் வளர்ந்தது. சும்மா காகிதமா? முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, அனுமதி அலுவலகத்தில் சமர்ப்பித்த ப்ளான். அதில் ஒவ்வொரு தடவையும் நிலம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டே போயிற்று. வரைந்து கொடுத்தவள் வேறு யாரும் இல்லை, வெல்டிங்காரரின் கூடப்பிறந்த தங்கச்சி.

அவளுக்கு அந்தத் தெருவில் இன்ஜினியரம்மா என்று பெயர். கடைவீதியில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்திருந்தாள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ப்ளான் அச்சடிக்கிற பெரிய மெஷின், மூலையில் பழைய ப்ளான் சுருள்கள், எந்நேரமும் கீழேயிருந்து ஏறி வருகிற ரப்பர் வாசனை. காலி நிலத்தை மனைகளாகப் பிரித்து, சாலை எங்கே, வடிகால் எங்கே, விளக்குக்கம்பம் எங்கே என்று வரைந்து, அதை அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் எழுதி, கடைசியில் அனுமதி வாங்கித் தருவது அவள் பிழைப்பு. ஊரார் நிலத்தையெல்லாம் அலுங்காமல் பிரித்துக் கொடுத்தவள்தான். சொந்த நிலம் என்று வந்தபோது முழி பிதுங்கிவிட்டது.

நிலம் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பொது. முன்பக்கம் அப்பா கட்டிய வீடு. அண்ணனும் அண்ணியும் அதில் இருந்தார்கள். மற்றதெல்லாம் முள்ளும் புல்லுமாகச் சும்மா கிடந்தது. அண்ணனுக்கு வலது தோள்பட்டை போய்விட்டது. சின்ன வயதிலிருந்தே தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்து, கூரைக்கும் மாடிக் கைப்பிடிக்கும் பற்றவைத்த தோள். இனிமேல் ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிற மாதிரி ஒரு பட்டறை போடலாம், அதற்கு நிலத்தை மனைகளாக்கி விற்கலாம் என்று தங்கச்சிதான் பேச்செடுத்தாள். அண்ணன் ரொம்ப நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"வீட்டை மட்டும் தொட்டுடாத பாப்பா. வீடு நிக்கிற இடத்துல நிக்கட்டும். மத்ததை நீ வெட்டு, கூறு போடு, என்ன வேணா பண்ணு."

"உன் வீட்டை யாருண்ணே தொடப்போறா? ஒண்ணாம் நம்பர் மனையே அதுதான்."

"நிச்சயமா?"

"எழுதி வேணா தரட்டுமா?"

"தங்கச்சிகிட்ட எழுதி வாங்குற அளவுக்கு நான் ஆகலம்மா. நீ சொன்னதே போதும்."

தலையில் நரை விழுந்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அப்பா போனதற்கு அப்புறம் அவளைப் படிக்கவைத்தது அந்தத் தோள். அந்த ஆளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தால் அதை எப்பாடு பட்டாவது காப்பாற்றியாக வேண்டும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது கஷ்டம் என்றும் அப்போது தோன்றவில்லை.

ப்ளான் போடுவதற்கு முன்னால் நிலத்தை லெவல் எடுக்க வேண்டும். எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமல் சாலையும் போட முடியாது, வடிகாலும் போட முடியாது. லெவல் எடுக்க வந்தவருக்கு ஒத்தைக்கண்ணர் என்று பெயர். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. நாள் முழுக்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெஷின் வழியாகப் பார்த்துப் பார்த்து, டீ குடிக்கும்போதும் ஒரு கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது.

"மேடம், அரசாங்கத்து அடையாளக் கல்லு இந்தப் பக்கம் ஒண்ணையும் காணோம். ஆடாம அசையாம இருக்கிற இடமா ஒண்ணு காட்டுங்க. அங்கேருந்து ஆரம்பிச்சுடறேன்" என்றார்.

"எங்க வீட்டு வாசப்படியை விடவா?" என்றாள் அவள்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வேறு யாருடைய நிலமாக இருந்தாலும் சுற்றிப் பார்த்திருப்பாள், தட்டிப் பார்த்திருப்பாள், இரண்டு பேரை விசாரித்திருப்பாள். இது அவள் தவழ்ந்து ஏறிய படி. அதைவிட உறுதியான இடம் பூமியில் எது? ஒத்தைக்கண்ணரும் படியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் அதைவிட எவ்வளவு உயரம், எவ்வளவு தாழ்வு என்று எழுதிக்கொண்டே போனார்கள். வேலிவரைக்கும் எழுதினார்கள். தண்ணீர் கடைசியாகப் போய் விழ வேண்டிய சாலையோரச் சிறுபாலத்தின் காங்கிரீட் சுவரையும் எழுதினார்கள். அப்போது கடும் கோடை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

ப்ளான் போயிற்று. திரும்பி வந்தது. அதில் அதிசயம் எதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் ப்ளான்களைச் சரிபார்க்கிற அதிகாரிக்குப் பெயரே திருப்பி சார். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை திருப்பி அனுப்பாமல் விடமாட்டார். உள் சாலையின் முனையில் தீயணைப்பு வண்டி திரும்பாது, அகலப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார். கூடவே, அடுத்த தடவை கொடுக்கும்போது மழைக்குப் பிந்தைய லெவலும் வேண்டும் என்று ஒரு வரி. நியாயமான கேள்விதான். அவள் முனையை அகலப்படுத்தினாள். மழை வந்து ஓய்ந்ததும் ஒத்தைக்கண்ணரை அழைத்துப் படியிலிருந்து மறுபடி லெவல் எடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை, நேரில் வரச்சொல்லி அழைப்பு வந்துவிட்டது.

திருப்பி சாரின் அறையில் ப்ளான்கள் மேசையில், நாற்காலியில், ஜன்னலில், தரையில் எல்லாம் கிடந்தன. மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு காலி டீ டம்ளர். அவர் தலையைத் தூக்காமலே ஆரம்பித்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க. உங்க நிலம் நல்லா இருக்கா? வேளாவேளைக்குச் சாப்பிடுதா?"

"சார்?"

"இல்ல, நல்லா வளந்துட்டு வருதே, அதான் கேட்டேன்."

இரண்டு ப்ளானையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். கோடையில் கொடுத்தது ஒன்று, இப்போது கொடுத்தது ஒன்று. பேனா நுனியால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். இந்த மூலை ஒரு விரல் உயரம் கூட. அந்த மூலையும் ஒரு விரல் கூட. நடுவில் ஒரு விரல், வேலியோரம் ஒரு விரல்.

"மண்ணு கொட்டினீங்களா?"

"ஒரு கூடை கொட்டல சார்."

"பக்கத்து நிலத்து மண்ணு மழையில அடிச்சிட்டு வந்துச்சா?"

"வந்தா ஒரு பக்கம்தானே சார் மேடாகும்? எல்லா இடமும் ஒரே அளவா எப்படி ஆகும்?"

"அதைத்தாம்மா நானும் உங்ககிட்ட கேக்கறேன்! இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ தில்லுமுல்லு பாத்திருக்கேன். பள்ளத்தை மேடுன்னு எழுதுவான், மேட்டைப் பள்ளம்னு எழுதுவான். அதுல ஒரு காரணம் இருக்கும். இதுல உங்களுக்கு என்ன லாபம்னே எனக்குப் புரியல. அதான் கோபம்கூட வரமாட்டேங்குது."

அவளுக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெஷின் கோளாறாக இருக்கும் சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். ஒத்தைக்கண்ணர் மெஷினைப் பழுதுபார்க்கிற கடைக்குக் கொண்டுபோனார். ஒரு குறையும் இல்லை என்று துடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? டீக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும், "இன்ஜினியரம்மா, எங்க வீடு பள்ளத்துல கிடக்கு. வந்து ஒரு தடவை லெவல் எடுத்துட்டுப் போங்களேன், கொஞ்சம் எழும்பட்டும்" என்றார். அண்ணிக்கு வேறு சந்தேகம்: யாரோ வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் வேலை. அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை.

"அந்தாளு எதையோ எதிர்பாக்குறான் பாப்பா. வெளிப்படையாக் கேக்க வெக்கம். அதான் நிலம் வளருது, மரம் நடக்குதுன்னு கதை அளக்குறான்."

"இல்லண்ணே. அந்த மனுஷன் டீயைக்கூட அவர் காசுலதான் குடிப்பார்."

"அப்போ கிறுக்கா?"

"கிறுக்கும் இல்ல. கணக்கு சரியாத்தான் இருக்கு. நம்ம நிலம்தான் சரியில்ல."

"நிலத்துக்கு என்னடி? அது பாட்டுக்குக் கிடக்கு."

அடுத்த மழையும் கொட்டித் தீர்த்தது. மழை விட்ட அன்றைக்கே மூன்றாவது தடவை லெவல் எடுத்தார்கள். யாரையும் நம்பாமல் அளவுகோலை அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். செருப்பை இழுத்துப் பிடிக்கிற சேறு. புல் நுனியெல்லாம் அட்டை. அண்ணன் முடியாத கையோடு இன்னொரு கையில் குடை பிடித்துக்கொண்டு, மிச்சத் தூறலில் மெஷின் நனையாமல் ஒத்தைக்கண்ணர் பக்கத்தில் நின்றார். ஒத்தைக்கண்ணர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கோடையில் இருந்ததைவிட இப்போது இரண்டு விரல் உயரம். புல், பூண்டு, வேலிக்கல், சாலை ஓரம், எல்லாமே இரண்டு விரல். இதில் இன்னொரு கூத்து: வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டிக் கிடந்த துணி துவைக்கிற கல் மட்டும் எழும்பவில்லை. அது அரை விரல் இறங்கியிருந்தது.

"மேடம்," என்றார் ஒத்தைக்கண்ணர், ஆச்சரியத்தில் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு, "எனக்குப் பயமா இருக்கு. நான் இந்த நிலத்துக்கு இனிமே வரமாட்டேன்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு. ஊரே மேலே போகிறது, ஒரு கல் மட்டும் கீழே போகிறது. படித்த படிப்பில் இதற்கு எந்தப் பக்கத்தில் பதில்? அவள் சொன்னதைத் திருப்பி சார் போனில் முழுக்கக் கேட்டார். பிறகு அலுத்துப்போன குரலில் சொன்னார்.

"விடுங்கம்மா. எனக்கு வேற வேலை இருக்கு, உங்களுக்கும் இருக்கு. முதல்ல கோடையில எடுத்தீங்களே, அந்த லெவலையே கடைசி வரைக்கும் போட்டுக் குடுங்க. மத்த ரெண்டும் எடுத்ததுல பிழைன்னு ஒரு வரி எழுதிடுங்க. நான் அனுப்பி விட்டுடறேன்."

திருப்பி சார் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததாக அந்த அலுவலகச் சுவர்கூட நம்பாது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அதை அண்ணனிடம் சொல்லப் போனாள். அண்ணன் வெளியே போயிருந்தார். அண்ணி அடுப்படியில் இருந்தாள்.

"வா நாத்தனாரே. முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு? உக்காரு, சோறு போடறேன். ஒரு முட்டை மட்டும் பொரிக்கணும்."

அண்ணி வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றினாள். நடுவில் விழுந்த முட்டை நடுவில் நிற்கவில்லை. மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்ப் பின்சுவர்ப் பக்கமாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் முழுக்க அங்கேதான் தேங்கி நின்றது.

"ஏன் அண்ணி, முட்டை ஓடுது?"

"அது அப்படித்தான் ஓடும். எங்க வீட்டு முட்டைக்கெல்லாம் ஒரு பக்கம்தான் கருகும், இன்னொரு பக்கம் பச்சையா இருக்கும். பிடிச்ச பக்கத்தை நீ தின்னு."

"விளையாடாதீங்க. எத்தனை நாளா?"

"போன வருஷ மழையிலேருந்து. அடுப்புக்குக் கீழ அட்டையை மடிச்சு வச்சேன், சரியாப்போச்சு. இந்த மழைக்கு இன்னொண்ணு வச்சேன். இப்போ மறுபடி ஓடுது, இன்னும் ஒண்ணு வைக்கணும்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லாத. பின்கதவு இருக்கே, இரும்புக் கதவு, அது மூடவே மாட்டேங்குது. உங்கண்ணன் யாருக்கும் தெரியாம அரம் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு மூடறாரு. வெல்டிங்காரன் வீட்டுக் கதவே மூடலன்னு ஊர் சிரிக்குமாம்."

அவள் எழுந்து பின்கதவைப் பார்த்தாள். மேல் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. கதவுக்கு மேலே சுவரில் புதுச் சுண்ணாம்பு. விரலால் தட்டினாள், சுண்ணாம்பு உதிர்ந்து, உள்ளே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல், அதில் அண்ணன் கையால் அப்பிய சிமென்ட்.

ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் புறப்படும்போது நம்முடைய ரயில் நகர்கிற மாதிரி இருக்குமே, அப்படித்தான். நிலம் எழும்பவே இல்லை. நிலம் பாட்டுக்குக் கிடந்தது. வாசற்படிதான் இறங்கிக்கொண்டிருந்தது; படியோடு வீடு; வீட்டோடு ஒட்டிக்கொண்டு துவைக்கிற கல். இறங்குகிற படியில் நின்றுகொண்டு, ஊரெல்லாம் மேலே போகிறது என்று அளந்து எழுதியிருக்கிறாள். அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?" என்று பதறினாள் அண்ணி.

"ஒண்ணும் இல்ல அண்ணி. முட்டையை எடுங்க, கருகுது."

அன்று சாயங்காலமே ஒத்தைக்கண்ணரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள். இந்தத் தடவை படியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. சாலையோரச் சிறுபாலத்தின் சுவரிலிருந்து ஆரம்பித்தார்கள். நிலத்தில் எந்த இடமும் கோடையிலிருந்து ஒரு நூல்கூட அசையவில்லை. படி இரண்டு விரல் இறங்கியிருந்தது. வீட்டின் பின்பக்கம் அதைவிட அதிகம்.

அண்ணன் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் நேராகக் கேட்டாள்.

"அண்ணே, இந்த வீட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

"கீழ என்ன இருக்கும்? மண்ணு."

"கட்டறதுக்கு முன்னாடி?"

"குழி. செங்கல் சூளைக்கு மண்ணு எடுத்த குழி. அப்பா அதை வண்டி வண்டியாக் கொட்டி மூடினாரு. இடிச்ச சுவரு, மரத்தூளு, கிழிஞ்ச சாக்கு, கிடைச்சதெல்லாம் கொட்டினாரு. நான்தான் மேல நின்னு மிதிப்பேன். குதிச்சுக் குதிச்சு மிதிக்கிறது அப்போ நல்ல விளையாட்டு."

"இதை ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல. வீட்டைத் தொடமாட்டேன்னுதானே சொன்ன? தொடாத இடத்துக்கு எதுக்குடி கதை?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே கொட்டியது மக்கிப்போய் வருஷா வருஷம் தண்ணீர் இறங்குகிறது, வீடு அமிழ்கிறது, பின்பக்கம் சாய்கிறது, இது நிற்காது என்று சொன்னாள். அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து நிக்கிற வீடு இது."

"இப்போ நிக்கல அண்ணே. இறங்குது."

"அந்த ஆபீசரு என்ன சொல்றான்?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "முதல்ல எடுத்த லெவலையே குடுங்க, கையெழுத்துப் போடறேன்னு சொல்றாரு."

"அப்புறம் என்ன? குடுத்துடு! அவனே சரிங்கிறான், உனக்கு என்ன வந்துச்சு? வீட்டை நான் பாத்துக்கறேன். நாலு கம்பி நட்டுப் பின்சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்திடறேன். இரும்பு என் கையில என்னைக்காவது பேச்சு கேக்காமப் போயிருக்கா? நீ ஒண்ணாம் நம்பரை ஒண்ணாம் நம்பராவே வச்சுக் குடு. சொன்ன சொல்லு இருக்குல்ல?"

சொன்ன சொல் இருந்தது. அதுதான் அவள் கழுத்தைப் பிடித்தது.

டயர் கடைக்கு மேலே வந்து உட்கார்ந்தாள். கீழே யாரோ டயரைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் ப்ளான் தயாராக இருந்தது. கோடை லெவல். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் கிடையாது. நிலம் அந்த லெவலில்தான் இருக்கிறது. சாலை சரி, வடிகால் சரி. வீடு இறங்குகிறதா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை, எந்த அதிகாரியும் கேட்கவில்லை. அண்ணன் கேட்டதும் இதைத்தான். அச்சு மெஷினைத் தட்டிவிட்டால் முடிந்தது கதை. அண்ணன் சந்தோஷமாக இருப்பார், பட்டறை வரும், சாய்ந்துகொண்டே போகிற சுவருக்கு அவர் கம்பி நட்டுவிட்டு அதன் கீழே படுத்துத் தூங்குவார். அண்ணியும் பக்கத்தில் தூங்குவாள். அடுத்த மழையும் வரும். பயம், வெறும் பயம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அண்ணன் போய்விடுவார். அண்ணனைக் காப்பாற்றினால் வாக்குப் போய்விடும். இந்த லட்சணத்தில் ஊருக்கெல்லாம் இன்ஜினியரம்மா.

மனைகள் பிரிக்கிற எந்த ப்ளானிலும் ஊருக்குப் பொதுவாக ஓர் இடம் விட்டாக வேண்டும். அதில் யாரும் எதுவும் கட்டக்கூடாது. அதுவரைக்கும் அதை வடக்கு மேட்டில் விட்டிருந்தாள், நல்ல கெட்டி மண் இருக்கிற பக்கம். அவள் அந்த மேட்டைத் திரும்பப் பார்த்தாள். பிறகு ஒண்ணாம் நம்பரை அழித்தாள். அண்ணன் புது வீடு கட்டிக்கொள்ள மேட்டில் புதிதாக ஒண்ணாம் நம்பர் என்று எழுதினாள். வீடு இருந்த இடத்தைப் பொது இடமாக்கிப் பச்சை நிறம் அடித்தாள். அடிக்கும்போது கண்ணீர் மறைத்தது, துடைத்துக்கொண்டு அடித்தாள்.

சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் ப்ளான் உள்ளே போகாது. மறுநாள் காலையில் கொண்டுபோய் அண்ணன் முன்னால் விரித்தாள். அண்ணனுக்கு ப்ளான் பார்க்கத் தெரியாது. எப்போதும் வீட்டை மட்டும் தேடுவார். இப்போதும் விரலை வைத்துத் தேடினார். சாலையைத் தொட்டார், வளைவைத் தொட்டார், திரும்பிச் சாலைக்கே வந்தார்.

"வீடு எங்க பாப்பா? கண்டே பிடிக்க முடியல."

அவள் பச்சையைக் காட்டினாள்.

"இங்க புல்லுல்ல போட்டிருக்க?"

"ஆமாண்ணே."

புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"சொன்னதே போதும்னு இருந்தேனே."

"சொன்னேன்தான். தெரியாம சொல்லிட்டேன். என் வாக்கு போனாப் போகட்டும், நீ எனக்கு வேணும்ணே."

"நான் முட்டுக்கொடுக்கறேன்னு சொன்னேன்ல?"

"எங்கே நட்டு முட்டுக்கொடுப்ப? நட்ட கம்பியும் சேர்ந்துதானே இறங்கும்?"

அடுப்படி வாசலில் நின்ற அண்ணிதான் பேசினாள். வீட்டைப் பற்றி அண்ணன் முன்னால் அண்ணி இத்தனை நாள் வாயைத் திறந்ததே இல்லை.

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடுங்க. மழை பெஞ்சா நான் கண்ணை மூடறதில்ல. சுவரையே பாத்துட்டுக் கிடப்பேன்."

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க கதவைத் தேய்ச்சிட்டு இருந்தீங்க. நான் அடுப்புக்கு அட்டை வச்சிட்டு இருந்தேன். யாரு முதல்ல சொல்றது?"

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு எழுந்து வெளியே போனார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். சிமென்ட் அப்பிய இடங்களில் எல்லாம் நின்றார். கடைசியில் துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. தங்கச்சி உள்ளே ப்ளானுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தாள். திட்டிவிட்டாலாவது தேவலை என்று இருந்தது.

வெயில் ஏறி, முற்றத்துச் சேறு காயத் தொடங்கிய பிறகு உள்ளே வந்தார். ப்ளானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. இந்தப் பச்சை அடிச்ச இடம், இடிச்சதுக்கு அப்புறம், யாருது?"

"யாருதும் இல்லண்ணே. ஊருக்குப் பொது."

"பொதுன்னா? வேலி போட்டுப் பூட்டிடுவாங்களா?"

"பூட்டக்கூடாது. யாரு வேணாலும் வரலாம். உக்காரலாம்."

"எப்போ வேணாலும்?"

"எப்போ வேணாலும்."

அவர் அந்தப் பச்சையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"அப்போ நானும் வரலாம்ல?"

அவள் வரலாம் என்று தலையை ஆட்டினாள். அண்ணன் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்து எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டார்.